தோன்றா எழுவாய்

ஆண்டிறுதிப் படிவம் வந்திருக்கிறது.
மேலே கம்பெனி முத்திரை,
கீழே ஐந்து வெற்றுக் கோடுகள்.
உங்கள் தனிப்பட்ட இலக்கு என்ன?
அளக்கக்கூடியதாக இருக்கட்டும்.
வெள்ளிக்கிழமைக்குள் மிஸ் லிம்மிடம் தரவும்.

பதினேழு வருஷமாய்
பீச் ஸ்ட்ரீட் மூன்றாம் மாடியில்
கப்பலேறும் பெட்டிகளுக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
ரப்பர் கையுறை ராட்டர்டாமுக்கு.
பிஸ்கட் சூராபாயாவுக்கு.
எந்தப் பெட்டி எங்கே போகிறதென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
நீ எங்கே என்று
படிவம்தான் முதலில் கேட்டது.

மாலை ஃபெரியில்
கைப்பையைத் துழாவிப்
பழைய டைரியைப் புரட்டினேன்.
ஜனவரிதோறும் ஏதோ எழுதித்தான் இருக்கிறேன்.

பிரவீணுக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கணும்.
அவருக்குச் சர்க்கரை ஏழுக்குள் வரணும்.
நாத்தனார் வீட்டுக் கடன் முடியணும்.
பின்கதவுக்குக் கிரில் போடணும்.

நாலாம் படிவத்தில் இலக்கணம் எடுத்த
மிஸஸ் ஆரோக்கியமேரி
வாக்கியத்தின் அடியில் கோடு கிழித்துக் கேட்பார்,
எழுவாய் எங்கே?
தேடினேன்.
இடமும் சர்க்கரையும் கடனும்
தத்தம் வாக்கியத்தில் பத்திரமாக இருந்தன.
அந்தக் கிரில் ஒன்றில்தான் நான் இருந்தேன்,
அதுவும் தோன்றாமல்.

முதல் கோட்டில் எழுதினேன்:
புதிய கணக்கு மென்பொருள் கற்றுக்கொள்வேன்.
பொய்யில்லை.
பசியில்லாத நேரத்தில்
விருந்தாளி வீட்டில் சாப்பிட்டதுபோல் இருந்தது.
அடித்தேன்.

பேனா கைதவறி இருக்கைக்கடியில் உருள,
குனிந்தேன்.
ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகள்.
ஏறியதும் முதல் வேலையாய்
இவற்றை எண்ணுகிறவள் நான்.
தினம் இரண்டு முறை கடல் கடக்கிறேன்,
நீந்தத் தெரியாது.
அப்பா வைத்த பெயர் குமுதவல்லி, ஆம்பற்கொடி.
ஆம்பலுக்கு முழங்காலுக்கு மேல்
தண்ணீர் ஏறினால் அலறல்.
பத்து ஃபெரிங்கி போனால்
குடும்பத்துச் செருப்புகள் அத்தனைக்கும்
நான்தான் காவல்.

எழுதினேன்:
மல்லாந்து மிதப்பேன். ஒரு நிமிடம்.

மிஸ் லிம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
இதில் கம்பெனிக்கு என்ன?
அளக்கலாம் மிஸ், கடிகாரம் போதும்.
அவர் சிரிக்கவில்லை.
முத்திரை குத்தினார்.

முழுக்கை நீச்சல் உடை, ஐம்பத்தொன்பது ரிங்கிட்.
விலைச்சீட்டைக் கிழிக்காமல்
இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன்.
இந்த வயசில் எதுக்கு என்றார் அவர்.
எதுக்கும் இல்லை.
அதுதான் அதில் எனக்குப் பிடித்ததே.

செபராங் ஜெயா பொதுக்குளம், சனிக்கிழமை காலை.
சொல்லித்தரும் ஹிதாயா
என் பையனைவிட இரண்டே வயது மூத்தவள்.
பிடரிக்கடியில் இரண்டு விரல் மட்டும் வைத்துக்கொண்டு
காக், தண்ணியோடு மல்லுக்கு நிற்காதீங்க என்பாள்.
நின்றேன்.
மூன்று வாரம் நின்றேன்.
மூக்கு வழியாகப் பாதிக்குளம் குடித்தேன்.
பக்கத்துத் தடத்தில் ஆறு வயசு வாண்டு ஒன்று
எனக்காகக் கவலைப்பட்டது.

நாலாம் வாரம் மூன்று நொடி.
ஐந்தாம் வாரம் ஒன்றுமில்லை, வெறும் இருமல்.
ஏழாம் வாரம்
அவள் விரலை எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

காது மூழ்கியதும்
பினாங்கு முழுக்க யாரோ
அணைத்துவிட்டதுபோல் இருந்தது.
என் மூச்சு மட்டும்
பக்கத்து அறையில் யாரோ விடுவதுபோல்.
மேலே ஒரு விமானம்,
அதில் என்ன சரக்கென்று நினைக்கவேயில்லை.
யாருக்கும் எதுவும் கிடைக்க வேண்டியதில்லை.
பிறகு கால் தரையைத் தேடியது.
பதினொன்று! என்று கத்தினாள் ஹிதாயா.
வாண்டு கைதட்டியது.

இந்த ஜனவரி டைரியில் ஒரே வரி.
நான்
என்று எழுதி,
பக்கத்தில் 11 போட்டிருக்கிறேன்.
பயனிலைக்கு இடம் விட்டாயிற்று.

இன்று திங்கள்.
காலை ஃபெரியில் நடுக்கடலில்தான் உறைத்தது,
அங்கிகளை இன்னும் எண்ணவில்லை.
பச்சையாய்க் கலங்கிய தண்ணீரைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எண்ணினேன்.
முப்பத்தெட்டு. சரியாக இருக்கிறது.